தண்ணீரில் ருசி இருந்தது

கோபிநாத் லாரியின் பின்புறம் குனிந்து, புகைக்குழாயின் வாயில் ஒரு கண்ணாடித் தம்ளரைப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் பாதித் தம்ளர் சேர்ந்ததும் நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

தொழிலாளர்கள் கைதட்டினார்கள். பலமுறை பார்த்த வித்தைக்குத் தட்டுகிற கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தச் சத்தம்.

கோமதி தட்டவில்லை. வருடக்கணக்கில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவள் அவள். நசுங்கிய வண்டியின் முன்னால் நின்று முதலில் சொந்தக்காரர் சொல்கிற கதையைக் கேட்பாள். அப்புறம் வண்டி சொல்கிற கதையைக் கேட்பாள். இரண்டும் ஒத்துப்போன நாட்கள் குறைவு. அந்த வேலையை விட்டுக் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் துப்பறியும் அலுவலகம் போட்ட பிறகும் பழக்கம் போகவில்லை.

பக்கத்தில் டிஜோ நின்றான். அவளுடைய உதவியாளன், டிரைவர், அலுவலகத்தில் இன்னொரு குரல் என்று சொல்ல இருக்கிற ஒரே ஆள். மூணாறு எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பாதி வாழ்க்கையை ஜீப்பில் கழித்தவன். ஜீப் நின்றாலும் அவன் வாய் நிற்காது.

"அக்கா, இது லாரியா, சக்கரம் வச்ச தண்ணிப் பந்தலா?" என்றான் காதோரமாக.

எலப்புள்ளியில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு நீர்ச்சுடர் மோட்டார்ஸ் என்று பெயர். கோபிநாத் அதன் முதலாளி. ஹைட்ரஜனில் ஓடும் சரக்கு லாரி ஒன்றைச் செய்து, வட்டவடையிலிருந்து காய்கறி ஏற்றி வரச் சோதனை ஓட்டம் விட்டிருந்தார். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி இந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது, இரண்டொரு நாளில் லாரியைப் பார்க்க வருகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

வண்டி ஓடுகிற விதத்தையும் அவரே விளக்கினார். இதில் எதையும் எரிப்பதில்லை. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில், தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு பெட்டி. அதை ஸ்டாக் என்பார்கள். தகடுகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு. அதன் ஒரு பக்கம் டாங்கியிலிருந்து வரும் ஹைட்ரஜன், மறுபக்கம் வெளிக்காற்று. ஹைட்ரஜன் அந்தச் சவ்வைத் தாண்ட வேண்டுமானால், தன்னிடமுள்ள மின்சாரத்தை இந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டுத்தான் தாண்ட முடியும். இறக்கி வைத்த மின்சாரம் கம்பி வழியாகச் சுற்றிப் போய் மோட்டாரை ஓட்டும். தாண்டிய ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகி, குழாய் வழியே சொட்டும். புகை கிடையாது, சத்தம் கிடையாது.

"அந்த ஸ்டாக்கைத்தானுங்க பொன்ராஜ் தூக்கிட்டுப் போயிட்டான்," என்றார் கோபிநாத். "செஞ்சவனே அவன்தான். பெத்த புள்ளைய யாராவது திருடுவாங்களா, சொல்லுங்க. போட்டிக் கம்பெனிக்கு வித்திருப்பான். போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கோம். நாங்க வெளிநாட்டுல இருந்து புதுசு வரவழைச்சு மாட்டிட்டோம்."

பொன்ராஜ் காணாமல் போனது போன மாதம். அவனைத் தேடித் தரும்படி கோமதியிடம் வந்தவர் ரத்தினசாமி. கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் வீடும் உள்ளவர். பொன்ராஜ் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தான். மனசு கேட்கவில்லை, ஒண்டிக்கட்டை ஆள், கேட்பாரில்லை என்று அவர் சொன்னபோது கோமதிக்கு உள்ளே ஏதோ நெருடியது. அவளும் ஒண்டிக்கட்டைதான். தான் காணாமல் போனால் எத்தனை நாளில் யார் கவனிப்பார்கள் என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தாள். வீட்டில் பால் போடுகிறவர் கவனிக்கலாம் என்று தோன்றியது.

கோமதி ஒரு தம்ளர் கேட்டாள். கோபிநாத் முகம் மலர்ந்து, அவரே பிடித்துக் கொடுத்தார். அவள் நிதானமாகக் குடித்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்த பாட்டிலைக் காலி செய்து, அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். ஊரில் காட்ட வேண்டுமென்று சொன்னாள். டிஜோ எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தான். கோபிநாத் தலையைச் சீவிக்கொண்டு இன்னொருமுறை குடித்துக் காட்டினார்.

போகும்போது கோமதி குழாயின் விளிம்பைச் சுட்டுவிரலால் ஒரு தடவை தடவினாள். அவ்வளவுதான்.

ஜீப் மெயின் ரோட்டுக்கு வந்ததும் டிஜோ ஆரம்பித்தான். "தண்ணி எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நல்லா இருந்ததுனாலதான்."

அவள் சுட்டுவிரலை நீட்டினாள். நுனியில் வெள்ளையாக மாவுபோல ஒட்டியிருந்தது. அவளுக்கு அது புதிதல்ல. கொழிஞ்சாம்பாறையில் போர்த் தண்ணீர் காய்ச்சுகிற எந்தப் பாத்திரத்திலும் அந்த வெள்ளை படியும். அவள் வீட்டில் ஒரு ஆளுக்கு டீ வைக்கிற சின்னப் பாத்திரம் ஒன்றுண்டு. எத்தனை தேய்த்தாலும் அடியில் அந்த வெள்ளை வளையம் போகாது. காலையில் அதையேதான் முதலில் பார்ப்பாள்.

வாயுவும் காற்றும் சேர்ந்து அப்போதுதான் பிறந்த தண்ணீருக்கு உப்பு எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டாள். அது மண்ணைத் தொடவில்லை, பாறையைத் தொடவில்லை. மழைத் தண்ணீர்போல ருசியே இல்லாமல் சப்பென்று இருக்க வேண்டும். காய்ந்தால் கறை விழக்கூடாது. இது அவள் பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீரின் ருசி.

டிஜோ ஜீப்பை ஓரம் கட்டினான். "அப்ப லாரிக்குள்ள ஸ்டாக்கே கெடையாதா?"

"பேட்டரியில ஓடுது. சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அடியில ஒரு டப்பா, அதுல தண்ணி, சொட்டறதுக்கு ஒரு குட்டி மோட்டார். காலையில எவனோ பைப்புல புடிச்சு ஊத்தறான். தண்ணி தண்ணிதானேன்னு நெனைச்சுட்டாங்க."

"பால்ல தண்ணி ஊத்துனவனப் பாத்திருக்கேன். தண்ணிக்கே தண்ணி ஊத்துனவன இப்பதான் பாக்கேன்," என்றான் டிஜோ. கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான்: "ஆனா அக்கா, அப்படின்னாலும் பொன்ராஜ் திருடன்தானே. பழைய ஸ்டாக்கு போச்சு, புதுசு வாங்க வக்கில்ல, வாங்க வர்றவங்ககிட்ட மறைக்காங்க. அவ்வளவுதானே கதை?"

அப்படித்தான் தெரிகிறது என்று கோமதி ஒப்புக்கொண்டாள்.

ரத்தினசாமியின் வீட்டு மாடியறை மதிய வெயிலில் தகித்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். யாராவது வந்தால் உட்கார வைக்க இன்னொரு நாற்காலி இல்லை. கோமதி வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றாள். தன் வீட்டுக்குள் யாரோ தெரியாதவர் நுழைந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

ரத்தினசாமி பின்னாலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். பையன் ஏதோ மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தான், தனக்கு அதெல்லாம் ஒன்றும் புரியாது, வாடகை ஒழுங்காகக் கொடுப்பான், பேச மாட்டான் என்றார். அவன் போன அன்று தான் பொள்ளாச்சியில் இருந்ததாகவும் சொன்னார்.

அடுப்பு புதுசு போலப் பளபளத்தது. சமைக்கிற ஆள் இல்லை. ஆனால் ஜன்னல் கம்பியில் காய்ந்த தண்டுத் தாளோடு முடிச்சுப் போட்ட ஒரு கொத்துப் பூண்டு தொங்கியது. சின்னச் சின்னப் பல், தோலில் ஊதா ஓடியிருந்தது. டிஜோ ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்ததும் அவன் முகமே மாறிவிட்டது.

"வட்டவடைப் பூண்டு," என்றான் தாழ்ந்த குரலில். "கடையில இப்படிக் கெடைக்காதுக்கா. தாளோட முடிஞ்சு வீட்டுக்குள்ள தொங்கவிட்டுருக்கதை, வேண்டப்பட்ட ஆளுக்குத்தான் அறுத்துக் குடுப்பாங்க. சமைக்கத் தெரியாதவனுக்குப் பூண்டு குடுக்காங்கன்னா, பாசம் முத்திப்போச்சுன்னு அர்த்தம்."

கோமதி மொட்டைமாடிக்கு ஏறினாள். தரையில் அழுக்குப் படியாத சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. பொன்ராஜ் சொந்தச் செலவில் சோலார் பலகை வைத்திருந்தான், போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்றார் ரத்தினசாமி.

அவள் அந்தச் சதுரங்களைப் பார்த்தபடி நின்றாள். ஸ்டாக்கை விற்கப் போகிறவன் சோலார் பலகையை எதற்குச் சுமக்க வேண்டும்? விற்றால் வருகிற காசில் நூறு பலகை வாங்கலாமே. கரண்டை நம்ப முடியாத ஒரு மலையூரில் உட்கார்ந்து, சொந்தமாகக் கரண்டு எடுத்து, ஏதோ வேலை செய்கிறவனுக்குத்தான் அது தேவை.

படியிறங்கும்போது ரத்தினசாமி அவளை நிறுத்தினார். "ஏனுங்க, ஆளு எங்கயோ இருந்துட்டுப் போறான். அந்த ஸ்டாக்கு எந்த எடத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் எனக்கு மொதல்ல ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

கோமதி சரிங்க என்று தலையாட்டினாள். ஆனால் கடைசிப் படியில் அவள் கால் ஒரு நொடி தயங்கியதை டிஜோ கவனித்தான்.

மறுநாள் காலையில் கிளம்பி, பொள்ளாச்சி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கோமதி தள்ளிப் போய் இரண்டு போன் பேசிவிட்டு வந்தாள். முதல் போன் ஸ்டேஷனில் தெரிந்த ஒருவருக்கு, இரண்டாவது ரத்தினசாமிக்கு என்று மட்டும் சொன்னாள். என்ன பேசினீர்கள் என்று டிஜோ கேட்டதற்கு, மேலே போய்ச் சொல்கிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு ஓட்டுவதுதான் வழி என்று அவனுக்குத் தெரியும்.

உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர். மலை ஏற ஏற டிஜோவின் பேச்சு குறைந்தது. மூணாறு தாண்டும்போது ஒரு எஸ்டேட் லயத்தைக் காட்டினான். தான் பிறந்த வீடு அந்த வரிசையில் இருந்தது என்றும், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னான். ஜன்னலில் யாருடையதோ பச்சைச் சேலை காய்ந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

சோலைக்காட்டைக் கடந்து வட்டவடை கோவிலூரில் இறங்கியபோது பிற்பகல். படிப்படியாக இறங்கிய வயல்களில் கேரட்டும் முட்டைக்கோசும் நின்றன. மேகம் பள்ளத்திலிருந்து எழுந்து வந்து வயல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. பூண்டு காயப்போட்டிருந்த வீடுகளில் விசாரித்துக்கொண்டே போனார்கள். நாலைந்து வீடு தள்ளி, சின்னத்தாயி என்ற பெண்மணி இவர்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பூண்டுக்காரி. லாரி சோதனைக்கு வந்த நாட்களில் பொன்ராஜ் அவளுடைய மூட்டைகளைத் தானே ஏற்றிக் கொடுத்திருக்கிறான்.

போலீஸா என்று முதலில் கேட்டாள். இல்லை என்றதும், கம்பெனியா என்றாள். அதுவும் இல்லை என்றதும் அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. பிறகு மேட்டில் தனியாக நின்ற தகரக் கொட்டகையைக் கைகாட்டினாள்.

"எங்க விதைக் கொட்டகைதான். சும்மா கெடந்துச்சு, கொடுத்தேன். சோறு கொண்டு வச்சா சாப்பிடுவாரு. இல்லைன்னா கேக்க மாட்டாரு. இந்தக் குளிர்ல கதவைத் தெறந்து போட்டுக்கிட்டு, உள்ள நெருப்பே வைக்கக் கூடாதுங்கிறாரு. என்னதான் பண்றீகன்னா, ஒரு நோயாளியப் பாத்துக்கிடுறேன்னு சொல்றாரு. உள்ள எட்டிப் பாத்தா ஒருத்தரையும் காணோம்."

கொட்டகையின் கூரையில் சோலார் பலகைகள் மேகத்தைப் பார்த்துப் படுத்திருந்தன. கூரை உச்சியில் ஒரு தகரத்தை வேண்டுமென்றே கழற்றி, காற்றுப் போக வழி விட்டிருந்தது. உள்ளே மரப்பலகை மேல் ஸ்டாக் இருந்தது. ஒரு பெரிய பெட்டி அளவு. பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான தகடுகளின் விளிம்பு, மூடிய புத்தகத்தின் தாள்கள்போலத் தெரிந்தது. அதன் முன்னால் கம்பளியைப் போர்த்தியபடி ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி. ஆள் வந்த சத்தம் கேட்டும் உடனே திரும்பவில்லை. கையிலிருந்த கருவியில் எண்ணைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

கோமதி தன் பெயரைச் சொன்னாள். பிறகு, பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். உங்கள் லாரி இப்போது சொட்டுகிற தண்ணீர் என்றாள்.

பொன்ராஜ் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பலகையில் பேனா போன்ற ஒரு மீட்டர் கிடந்தது. வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின் மாட்ட வருகிறவர்கள் உப்பு அளந்து காட்டுகிற அதே மீட்டர். அதைப் பாட்டிலில் விட்டதும் எண் விறுவிறுவென்று ஏறியது. அவன் சிரித்தான். ரொம்ப நாளாகச் சிரிக்காதவன் சிரிப்பதுபோல அது பாதியில் நின்றுவிட்டது.

ஸ்டாக்கின் அடியில் வைத்திருந்த ஒரு சின்னக் குப்பியை எடுத்தான். அதில் இரண்டு விரல் அளவு தண்ணீர் இருந்தது. மீட்டரைத் துடைத்து அதில் விட்டான். எண் கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நின்றது.

"இது செஞ்ச தண்ணி," என்றான். "ஒரு மாசமா சேத்தது."

டிஜோ பெட்டியைச் சுற்றி வந்தான். "அப்ப நீங்கதான் இதை எடுத்துட்டு வந்தீங்க. ஒத்துக்கிடுதீங்களா?"

"ஆமா. நான்தான் எடுத்தேன். செத்துப்போச்சுன்னு உடைக்கக் கொண்டுபோனாங்க."

பிறகு அவன் சொன்னதுதான் கதையைத் தலைகீழாகப் புரட்டியது. அந்த ஸ்டாக்குக்கு ஹைட்ரஜன் வெகு சுத்தமாக இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு துளி கலந்தாலும், தகடுகளில் பூசியிருக்கிற பிளாட்டினத்தில் போய் ஒட்டிக்கொண்டு விடும். அப்புறம் ஹைட்ரஜனுக்கு உட்கார இடமிருக்காது. இதைக் கோபிநாத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவர் சிக்கனம் பார்த்து, ஏதோ ஒரு ரசாயனப் பட்டறையில் கழிவாக வரும் வாயுவை வாங்கி நிரப்பினார். வட்டவடையை விட்டு ஏறும் மேட்டில் கேரட் மூட்டையோடு லாரி முக்கி முக்கி நின்றது. அன்றைக்கு இரவெல்லாம் பொன்ராஜ் ரோட்டோரத்தில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வாங்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாதென்று கோபிநாத் பேட்டரியும் தண்ணீர் டப்பாவும் மாட்டச் சொன்னார். பொன்ராஜ் மறுத்தான். மறுநாள், ஸ்டாக்கை நசுக்கிப் பழைய இரும்போடு போட ஆள் வந்தது. செத்த உடம்பில்தானே விஷம் இருந்ததற்குச் சாட்சி இருக்கும். அதனால்தான் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தான். இங்கே சோலார் கரண்டில் தண்ணீரைப் பிரித்து, சுத்தமான ஹைட்ரஜன் எடுத்து, தகடுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு அறையாகக் கழுவிக்கொண்டிருக்கிறான். வாயு தேங்கி வெடித்துவிடக்கூடாதென்று குளிரில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறான். சில தகடுகள் உயிர் பிடித்துவிட்டன. பல இனி எழுந்திருக்காது.

"வாயு விஷமாயிருச்சுன்னு வேற யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றான் டிஜோ. அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

"யாருகிட்ட?" என்று கேட்டான் பொன்ராஜ். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரிந்தது. பிறகு அவனே தொடர்ந்தான். எஸ்டேட்டில் வேலை பார்த்த அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எஸ்டேட் வீடு கைவிட்டுப் போயிற்று. போலீஸ் தேடும் என்று செல்போனை அணைத்து வைத்திருந்தான். ஒரு நாள் மனசு கேட்காமல் மூணாறு போய்ப் போட்டுப் பார்த்தான். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"போலீஸ் உங்களைத் தேடலீங்க," என்றாள் கோமதி. "இன்னைக்குக் காலை வரைக்கும் எந்தப் புகாரும் கெடையாது. கேட்டுட்டேன்."

டிஜோ அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிதானமாக விளக்கினாள். போலீஸ் ஸ்டாக்கைப் பிடித்தால் அது பரிசோதனைக்குப் போகும். விஷம் வெளியே வரும். கோபிநாத்துக்கு அது கூடாது. சத்தமில்லாமல் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவர் பெயரில் போகாமல், பரிதாபப்பட்ட வீட்டுக்காரர் பெயரில் போக வேண்டும். மோட்டார் வேலை ஒன்றும் புரியாது என்ற ரத்தினசாமிக்கு நேற்று ஸ்டாக் என்ற வார்த்தை வாயில் சரளமாக வந்தது. ஆள் எங்கேயோ இருக்கட்டும், பெட்டி கிடைத்தால் போதும் என்றார். கடைவீதியில் விசாரித்ததில், நீர்ச்சுடர் கம்பெனியின் கோடவுன் அவருடைய இடத்தில்தான் இருக்கிறது.

"அப்ப நம்மளே அவங்களுக்கு மோப்ப நாயாக்கா?" என்றான் டிஜோ. உடனே அவனுக்கு வேறொன்று நினைவு வந்தது. "காலையில அந்த ஆளுக்கு வேற போன் பண்ணீங்களே. பின்னாடியே வந்துருவாங்களே."

"நெல்லியாம்பதின்னு வேற மலையைச் சொன்னேன். ஆரஞ்சுத் தோட்டத்துக்குள்ள தேடச் சொல்லியிருக்கேன். பெரிய தோட்டம்."

டிஜோ தலையில் கை வைத்துச் சிரித்தான்.

பொன்ராஜ் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். வெளியே மேகம் கொட்டகை வாசல்வரை வந்துவிட்டிருந்தது. "அப்ப என்னைத் தேடச் சொல்லி ஒருத்தரும் அனுப்பலை," என்றான்.

கோமதிக்குப் பொய் சொல்ல ஒரு கணம் வாய்ப்பு இருந்தது. சின்னத்தாயி பெயரையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நசுங்கிய வண்டியின் முன்னால் நிற்கிறவர்களிடம், இது ஓடும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"இல்லீங்க. பெட்டியத்தான் தேடச் சொன்னாங்க," என்றாள். "மாடியில உங்க ரூமைப் பாத்தேன். அதுக்கப்புறம் நான் தேடினது உங்களைத்தான்."

அவன் எழுந்து, ஸ்டாக்கின் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். டிஜோ கேட்காமலே மறுபக்கம் பிடித்தான்.

பெங்களூர்க்காரர்கள் வந்த நாளில் எலப்புள்ளித் தொழிற்சாலையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்குத் தலைவி யோகப்பிரியா என்ற இன்ஜினியர். கோபிநாத் தம்ளரை எடுத்துக்கொண்டு லாரியின் பின்னால் குனிந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்ராஜ் வந்தான். தாடியை எடுத்திருந்தான். மீட்டரைத் தம்ளருக்குள் விட்டு, யோகப்பிரியாவிடம் நீட்டினான். அவ்வளவுதான்.

அந்த அம்மாளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எண்ணைப் பார்த்தாள், குழாயின் விளிம்பைப் பார்த்தாள், பிறகு லாரியின் அடித்தட்டைக் கழற்றச் சொன்னாள். தொழிலாளர்கள் கோபிநாத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றினார்கள். பிளாஸ்டிக் டப்பாவும் குட்டி மோட்டாரும் வெயிலுக்கு வந்தன.

இவன் திருடன், என் ஸ்டாக்கை எடுத்துக்கொண்டு ஓடியவன் என்றார் கோபிநாத்.

"அப்படின்னா புகார் கொடுங்க," என்றாள் கோமதி. "இன்னைக்காவது கொடுங்க. பெட்டி வெளிய ஜீப்புலதான் இருக்குது."

அவர் கொடுக்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். போகும் வழியில் யோகப்பிரியா ஜீப்பருகே நின்று ஸ்டாக்கை வெகுநேரம் பார்த்தாள். உயிர் பிடித்த தகடுகளை எப்படி மீட்டீர்கள் என்று பொன்ராஜிடம் நுணுக்கமாக விசாரித்தாள். விஷத்துக்கான பரிசோதனையைத் தங்கள் லேபிலேயே எழுத்துமூலமாகச் செய்து தருவதாகவும், அதற்கப்புறம் பேசலாம் என்றும் சொல்லிவிட்டு, பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். வேலை தருவதாகச் சொல்லவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ரத்தினசாமி மாடிக்குப் பொன்ராஜ் திரும்பிப் போகவில்லை. சின்னத்தாயியின் கொட்டகையில் பலகைகளும் சாமான்களும் கிடக்கின்றன, அதைப் போய் எடுத்து வைக்க வேண்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றான். சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் நின்றது. டிஜோ பழக்கடைக்காரரிடம் ஏதோ வம்பளந்துகொண்டிருந்தான். பொன்ராஜ் கையில் ஒரே ஒரு பை. பெட்டி இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாதவன்போல நின்றான்.

கண்டக்டர் விசில் அடித்தார். படியில் ஒரு காலை வைத்தவன் திரும்பினான்.

"மேடம், மேல போனதும் ஒரு போன் பண்ணட்டுமா? விசயம் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவே பண்ணுங்க," என்றாள் கோமதி. "விஷயத்துக்குக் கூப்பிடறவங்க எனக்கு நெறைய பேர் இருக்காங்க."

அவன் ஏறிக்கொண்டான். பஸ் கடைவீதி நெரிசலைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பும்வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.